புள்ளி தெரிய வேண்டும்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. (இயற்பியல்) மாணவி, குந்தா

எண்ணையும் எழுத்தையும் மனிதனுக்கு இரு கண்கள் என்றார் வள்ளுவப் பெருந்தகை. அந்த எழுத்தே மங்கலாகத் தெரியுமானால், அது கண்ணில் புரை விழுந்ததற்கு ஒப்பாகாதா? ஓலையில் படித்த காலம் போயிற்று. ஈய எழுத்தால் அச்சிட்டதை மட்டுமே படித்த காலமும் போயிற்று. தேர்வு முடிவு, உதவித்தொகை விண்ணப்பம், பாடக்குறிப்பு, பட்டா நகல், பேருந்து நேரம் என்று நாம் படிப்பவற்றில் பெரும்பகுதி இன்று கண்ணாடித் திரையின் வழியாகவே நமக்கு வந்து சேர்கிறது. அந்தத் திரையில் தமிழ் தெரிகிறதா என்று நாம் கேட்டதுண்டு. தெளிவாகத் தெரிகிறதா என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

இது அழகைப் பற்றிய கேள்வி என்று சிலர் நினைக்கலாம். எழுத்து வழவழப்பாக இருந்தால் என்ன, சொரசொரப்பாக இருந்தால் என்ன, படிக்க முடிந்தால் போதாதா என்று அவர்கள் கேட்கலாம். ஆங்கிலத்துக்கு அது ஓரளவு பொருந்தும். தமிழுக்குப் பொருந்தாது. தமிழில் எழுத்தின் தெளிவுதான் சொல்லின் பொருள். இதை நம் கல்லூரி நண்பர்களுக்கும் பேராசிரியப் பெருமக்களுக்கும் எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். லினக்ஸ் போன்ற யூனிக்ஸ் வகைக் கணிப்பொறிகளில் இந்தத் தெளிவை நாமே அமைத்துக்கொள்ளலாம். ஆகவே அமைத்துக்கொள்ளாமல் இருப்பது நம் அசட்டையே அன்றி வேறில்லை என்பது என் கருத்து.

சுழியும் கொம்பும்

நம் எழுத்துகளைச் சற்று உற்றுப் பாருங்கள். இரண்டு சுழி 'ன', மூன்று சுழி 'ண'. ஒரு சுழி குறைந்தால் பணி பனியாகிவிடும். நீலகிரியில் இரண்டுமே ஏராளம். ஆனால் இரண்டும் ஒன்றல்ல! 'ன'வும் 'ள'வும் சிறிய அளவில் உடன்பிறந்தவை போலத் தோன்றும். அந்த மயக்கத்தில் தேன் தேளாகும். 'எ'யின் அடியில் ஒரு சிறு கோடு இழுத்தால் அது 'ஏ'. அந்தக் கோடு தெரியாவிட்டால் ஏரி எரியும். மேல் விலங்கின் முனையில் ஒரு சிறு சுழி சேர்ந்தால் 'வி' 'வீ' ஆகும். அது தெரியாவிட்டால் வீடு விடுபட்டுப் போகும். 'ர'வுக்கும் துணைக்காலுக்கும் உள்ள வேற்றுமையோ பல எழுத்துருக்களில் அடியில் சாய்ந்த ஒரு வால் மட்டுமே. வால் மறைந்தால் மரம் 'மாம்' என்று நிற்கும். எல்லாவற்றுக்கும் மேலாகப் புள்ளி! மெய்யெழுத்தின் உயிர் அதன் தலைமேல் உள்ள அந்தச் சிறு வட்டத்தில் இருக்கிறது.

சின்னஞ்சிறு அடையாளத்தில் பெரிய பொருளை வைக்கும் மொழி நம்முடையது. எனவே எழுதும் பொருள் மாறும்போதெல்லாம் தமிழ் எழுத்தை அதற்கேற்பச் சீர்செய்து கொள்ள வேண்டி வந்திருக்கிறது. ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளி இடப்படவில்லை. எகர ஒகரக் குறில்களுக்கு மேலே புள்ளி வைப்பது பழைய இலக்கணம். ஓலையில் அந்தப் புள்ளி விழாததால் குறிலும் நெடிலும் மயங்கின. 18-ஆம் நூற்றாண்டில் இந்த மயக்கத்தைத் தீர்க்க நெடிலுக்கு வேறு வடிவம் தந்தவர் வீரமாமுனிவர். இன்று நாம் எழுதும் 'ஏ'யும் 'ஓ'வும் அவர் வகுத்த வேறுபாட்டின் பயன்.

அச்சுக்கு வந்தபோதும் இதே கதைதான். தமிழ் எழுத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' 1578-இல் கொல்லத்தில் வெளிவந்தது. பிறகு தரங்கம்பாடியில் சீகன்பால்கு அச்சகம் அமைத்தபோது, ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தமிழ் அச்செழுத்துகள் வந்தன. அவை அளவில் பெரியவை, தாளை விழுங்கின. ஆகவே அருகிலுள்ள பொறையாற்றில் சிறிய எழுத்துகளை வார்த்துக் கொண்டார்கள். வெளிநாட்டில் செய்து வந்ததை அப்படியே ஏற்காமல், உள்ளூர்த் தேவைக்கு ஏற்ப மாற்றிக்கொண்ட முன்மாதிரி அது.

எழுத்துச் சீர்திருத்தத்தை 1935-இல் 'குடிஅரசு' இதழில் நடைமுறைப்படுத்தத் தொடங்கினார் தந்தை பெரியார். 1978 அக்டோபரில் எம்.ஜி.ஆர். தலைமையிலான அரசு அதில் ஒரு பகுதியை ஏற்று ஆணை பிறப்பித்தது. ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலிய 13 எழுத்துகள் மற்ற எழுத்துகளைப் போலவே துணைக்கால், ஐகாரக் கொம்பு பெற்று ஒழுங்காயின. அச்சுக்கோப்பவர்களின் பெட்டியில் சில அறைகள் குறைந்தன. தட்டச்சுப் பொறிக்கும் எளிமை கிடைத்தது. ஓலைக்கு ஒரு சீர்திருத்தம், ஈயத்துக்கு ஒரு சீர்திருத்தம் கண்ட நாம், திரைக்கு என்ன செய்திருக்கிறோம்?

செய்யாமல் இல்லை. 1991-இல் யூனிகோட் முறை வெளிவந்தபோதே தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட ஒரு பகுதி ஒதுக்கப்பட்டது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டையொட்டித் 'தமிழ்99' விசைப்பலகை தரப்படுத்தப்பட்டது. 2010 ஜூனில் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தபோது யூனிகோடைத் தமிழக அரசு தரமாக ஏற்றது. இவையெல்லாம் எழுத்தைக் கணிப்பொறிக்குள் செலுத்தவும், சேமிக்கவும், அனுப்பவும் வழி செய்தன. உள்ளே போன எழுத்து வெளியே எப்படித் தெரிய வேண்டும் என்பதைப் பற்றித்தான் நாம் அதிகம் பேசவில்லை.

திரை எப்படி எழுதுகிறது?

திரை என்பது வரைதாளைப் போன்ற கட்டங்களின் தொகுதி. ஒவ்வொரு கட்டத்தையும் பிக்சல் என்கிறோம். நம் வீடுகளில் உள்ள பழைய 14 அங்குல மடிக்கணினியில் குறுக்கே 1366, நெடுக்கே 768 பிக்சல்கள் இருக்கும். கணக்கிட்டால் ஓர் அங்குலத்துக்கு ஏறத்தாழ 112 வருகிறது. சாதாரணக் கைப்பேசிகளில் இது 270 முதல் 400 வரை. லேசர் அச்சுப்பொறியிலோ 600. கைப்பேசியில் தமிழ் பளிச்சென்று தெரிவதும், பழைய மடிக்கணினியில் தடுமாறுவதும் ஏன் என்பதற்கு விடை இந்த மூன்று எண்களிலேயே இருக்கிறது.

திரையில் வழக்கமாக வரும் எழுத்தின் மொத்த உயரம் பன்னிரண்டு பிக்சல் என்று கொள்வோம். மேல் விலங்குக்கும் புள்ளிக்கும் கீழ்க் கொம்புக்கும் இடம் விட்டால், எழுத்தின் உடலுக்கு ஆறேழு பிக்சல்தான் மிஞ்சும். புள்ளிக்குக் கிடைப்பது ஒன்று அல்லது ஒன்றரை. மூன்று சுழி 'ண'வின் குறுக்கே ஒரு கோடு கிழித்துப் பாருங்கள். ஐந்தாறு கோடுகளை அது வெட்டும். ஆறு கோடுகள், அவற்றுக்கு நடுவே ஐந்து இடைவெளிகள், ஆக மொத்தம் பதினொரு பிக்சலாவது வேண்டும். அதற்குக் குறைந்தால் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஆங்கிலத்தில் 'ஐ'யும் 'எல்'லும் ஒற்றைக் கோடுகள். 'ஓ' ஒரு வட்டம். அந்த எழுத்துகள் பிழைத்துக் கொள்ளும். நம் எழுத்து பிழைக்காது.

எழுத்துரு என்பது உண்மையில் வளைகோடுகளின் கணக்கு. வளைகோடு கட்டத்தின் பாதியில் ஓடினால் அந்தக் கட்டத்தைக் கறுப்பாக்குவதா, வெள்ளையாக விடுவதா? இரண்டில் ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் ஓரங்கள் படிக்கட்டு போலாகும். பாதி மூடினால் பாதிக் கறுப்பு, கால் பங்கு மூடினால் கால் பங்குக் கறுப்பு என்று சாம்பல் நிறத்தில் 256 படிகளைப் பயன்படுத்தினால் கண் அதை ஒரு வழவழப்பான கோடாகவே காணும். எதிர்மலைச் சாலையிலிருந்து பார்க்கும்போது தேயிலைச் செடிகள் தனித்தனியே தெரியாமல் ஒரே பச்சைக் கம்பளமாகத் தெரிவதில்லையா? அதே கண்தான், அதே இயற்பியல்தான். இதை 'ஆன்டிஅலியாசிங்' என்பர்.

இன்னும் ஒரு படி மேலே போகலாம். ஒவ்வொரு பிக்சலும் உண்மையில் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று மெல்லிய பட்டைகளால் ஆனது. அந்த மூன்றையும் தனித்தனியே ஏற்றி இறக்கினால் குறுக்குவாட்டில் மூன்று மடங்கு நுணுக்கம் கிடைக்கும். நம் கண் ஒளியின் ஏற்ற இறக்கத்தைக் கூர்மையாக உணரும். நிறத்தின் சிறு மாற்றத்தை அவ்வளவு உணராது. இந்தத் தந்திரம் பலிப்பதற்குக் காரணம் அதுவே. குறுக்குவாட்டில் சுழிகள் நெருங்கி நிற்கும் தமிழுக்கு இந்த மூன்று மடங்கு நுணுக்கம் ஒரு வரப்பிரசாதம். நிறம் ஓரத்தில் கசியாமலிருக்க ஒரு வடிகட்டியும் சேர்க்க வேண்டும்.

மூன்றாவது, கோடுகளைக் கட்டத்தோடு பொருத்துவது. இதை 'ஹின்டிங்' என்பர். முழுமையாகப் பொருத்தினால் ஒவ்வொரு கோடும் முழுக் கட்டத்தில் போய் உட்காரும், கூர்மை கூடும். ஆனால் எழுத்தின் வடிவம் கெடும். ஆங்கிலத்தின் நேர்கோடுகளுக்கு அது நன்மை; தமிழின் வளைவுகளுக்குத் தீமை. இலேசாகப் பொருத்தினால், மேல்-கீழ் விளிம்புகள் மட்டும் சீராகும். குறுக்கே உள்ள சுழிகளின் இடைவெளி காப்பாற்றப்படும். தமிழுக்கு இலேசான பொருத்தமே ஏற்றது என்பது என் முடிவு.

பூட்டு திறந்தே இருக்கிறது

லினக்ஸ் கணிப்பொறிகளில் இந்த வேலைகளை மூன்று கட்டற்ற மென்பொருள்கள் பகிர்ந்து செய்கின்றன. எந்தச் சொல்லுக்கு எந்த எழுத்துரு என்று தேர்ந்தெடுப்பது 'ஃபாண்ட்கான்ஃபிக்'. 'க'வுக்குப் பின் வரும் ஒற்றைக் கொம்பை முன்னால் கொண்டுபோய் வைத்துக் 'கெ' ஆக்குவது 'ஹார்ஃப்பஸ்'. பாரசீக மொழியில் 'திறந்த எழுத்து' என்று பொருள்படும் பெயர் அது. வளைகோட்டைக் கட்டங்களில் நிரப்புவது 1996-இல் தொடங்கப்பட்ட 'ஃப்ரீடைப்'. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் நீண்ட காலமாக எழுத்தை வரைந்துவந்ததும் இதே ஃப்ரீடைப்தான்.

இவற்றை முழு ஆற்றலோடு பயன்படுத்த ஒரு காலத்தில் சட்டம் குறுக்கே நின்றது. எழுத்துருவுக்குள் இருக்கும் பொருத்தக் கட்டளைகளை இயக்கும் முறைக்கு ஆப்பிள் நிறுவனம் காப்புரிமை வைத்திருந்தது. அது 2010-இல் முடிந்தது. உடனே ஃப்ரீடைப் அதை இயல்பாகவே இயக்கத் தொடங்கியது. மூவண்ணப் பட்டைகளைப் பயன்படுத்தும் 'கிளியர்டைப்' முறையை 1998-இல் அறிவித்த மைக்ரோசாஃப்ட் நிறுவனமும் காப்புரிமைகள் பெற்றிருந்தது. 2019-க்குள் அவையும் காலாவதியாயின. இன்று எந்தப் பூட்டும் இல்லை. கதவு திறந்திருக்கிறது, தள்ளுவதற்குத்தான் ஆள் வேண்டும்.

எழுத்துருவுக்கும் பஞ்சமில்லை. ரெட்ஹேட் நிறுவனம் 2004-இல் வெளியிட்ட 'லோஹித் தமிழ்', கூகுள் வழங்கும் 'நோட்டோ சான்ஸ் தமிழ்' ஆகியவை காசு கொடுக்காமலேயே கிடைக்கின்றன. நகலெடுத்து நண்பர்க்குக் கொடுத்தாலும் குற்றமில்லை.

செய்வது எப்படி?

முதலில் நல்ல தமிழ் எழுத்துரு ஒன்றை நிறுவிக் கொள்ளுங்கள். நாம் தேர்ந்தெடுத்த எழுத்துருவில் தமிழ் இல்லாவிட்டால், ஃபாண்ட்கான்ஃபிக் கையில் அகப்பட்ட ஏதோ ஒன்றை எடுத்து ஒப்பேற்றும். ஆங்கிலம் ஒரு உயரம், தமிழ் ஒரு உயரம் என்று வரி கோணலாவது இதனால்தான். டெர்மினலில் 'எஃப்சி-மேட்ச்' என்ற கட்டளையைத் தமிழ் மொழிக் குறியோடு கொடுத்தால், தமிழுக்கு எந்த எழுத்துரு அமர்த்தப்பட்டிருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

அடுத்தது அமைப்பு. கேடிஇ, எக்ஸ்எஃப்சிஇ போன்ற மேசைச் சூழல்களில் எழுத்துருப் பக்கத்திலேயே இதற்கான பொத்தான்கள் உண்டு. ஆன்டிஅலியாசிங்கை இயக்குங்கள். ஹின்டிங்கில் 'ஸ்லைட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். மூவண்ண வரிசையில் 'ஆர்ஜிபி' என்பதை வையுங்கள்; பெரும்பாலான திரைகளுக்கு அதுவே சரி. எழுத்தின் ஓரத்தில் சிவப்பும் நீலமும் கசிந்து தெரிந்தால் வரிசை மாறியிருக்கிறது என்று பொருள். 'பிஜிஆர்' என்று மாற்றிப் பாருங்கள். அப்போதும் உறுத்தினால் மூவண்ணத்தை விட்டுச் சாம்பலோடு நிறுத்திக் கொள்ளலாம்.

இவற்றையே ஒரு கோப்பிலும் எழுதி வைக்கலாம். ஒருவருக்கு மட்டும் வேண்டுமானால் அவரது வீட்டு அடைவில் உள்ள ஃபாண்ட்கான்ஃபிக் அடைவில் 'ஃபாண்ட்ஸ்.கான்ஃப்' என்ற கோப்பு. கணிப்பொறியைப் பயன்படுத்தும் அனைவருக்கும் வேண்டுமானால் 'இடிசி' அடைவுக்குள் இருக்கும் 'ஃபாண்ட்ஸ்' அடைவில் 'லோக்கல்.கான்ஃப்' என்ற கோப்பு. இருபது முப்பது வரிகள் போதும். ஒருமுறை எழுதினால் எத்தனை கணிப்பொறிக்கும் படியெடுக்கலாம். எல்லா நிரல்களும் இந்தக் கட்டளைக்கு அப்படியே அடங்கிவிடும் என்று சொல்ல முடியாது; ஆனால் பெரும்பாலானவை அடங்கும்.

அமைத்தது சரியா என்று எப்படி அறிவது? ஆங்கில வாக்கியத்தை வைத்துச் சோதித்தால் ஏமாந்து போவோம். அது எப்படியும் தெரியும். தமிழுக்கென்று ஒரு சோதனை வாசகம் வேண்டும். நான் எழுதி வைத்திருப்பது இது: "பனி நாளில் பணிக்குப் போனவன் எரியும் விறகை ஏரியில் விட்டு வீட்டுக்கு வந்தான், தேனை எடுக்கப் போய்த் தேளைத் தொட்டான்." பொருளைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம்! கண்ணைச் சுருக்காமல், முன்னே குனியாமல், ஒரு முழ தூரத்தில் இருந்து ஒவ்வொரு சுழியும் புள்ளியும் தெரிந்தால் உங்கள் திரை தேர்ச்சி பெற்றுவிட்டது.

மறுப்புகளுக்கு மறுமொழி

"கைப்பேசியில்தான் தமிழ் நன்றாகத் தெரிகிறதே, மடிக்கணினியைப் பற்றி எதற்குக் கவலை?" என்று ஒரு தோழி கேட்டாள். படிப்பதற்குக் கைப்பேசி போதும். ஆய்வறிக்கை எழுதவும், கணக்கேடு தயாரிக்கவும், நீண்ட விண்ணப்பத்தை நிரப்பவும் கைப்பேசி போதுமா? எழுதுகிற கருவியில் தமிழ் தெளிவாக இல்லையென்றால் தமிழில் எழுதுகிறவர்கள் குறைவார்கள். வாசிக்க மட்டும் ஒரு மொழி, எழுத வேறொரு மொழி என்றாகிவிடும்.

"புதிய திரை வாங்கினால் தீர்ந்தது" என்பார் சிலர். வாங்க முடிந்தவர்கள் வாங்கட்டும். 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தால் தமிழகத்தில் லட்சக்கணக்கான மாணவர் வீடுகளுக்கு முதன்முதலாகக் கணிப்பொறி வந்தது. அவற்றில் பல இன்றும் அண்ணன்மாரிடமிருந்து தம்பி தங்கைகளுக்குக் கைமாறி உழைத்துக் கொண்டிருக்கின்றன. 2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. அடுத்த பதிப்பை ஏற்க இயலாத பழைய பொறிகளுக்கு லினக்ஸ்தான் புகலிடம். சென்னையிலுள்ள சி-டாக் மையம் உருவாக்கி 2007-இல் வெளிவந்த 'பாஸ்' லினக்ஸ் முதல், உலகெங்கும் கிடைக்கும் டெபியன், உபுண்டு வரை எதையும் நிறுவிக் கொள்ளலாம். பழைய பொறி, குறைந்த பிக்சல், புதிய லினக்ஸ் என்ற இந்தக் கூட்டணிதான் ஏழை மாணவர்களின் நாளைய மேசையில் இருக்கப் போகிறது. எழுத்தைச் சீர்செய்யும் தேவை அங்கேதான் அதிகம்.

"வழவழப்பாக்கினால் எழுத்து கலங்கித் தெரிகிறது, எனக்குக் கூர்மையே பிடிக்கும்" என்ற மறுப்பு மதிக்கத்தக்கது. கண்ணுக்குக் கண் வேறுபாடு உண்டு. அவர்கள் தங்களுக்கென்று தனிக் கோப்பு எழுதிக் கொள்ளலாம். பொதுக் கோப்பு அதைத் தடுக்காது. நான் கேட்பதெல்லாம், ஒன்றுமே தெரியாமல் முதன்முதல் வந்து அமர்கிறவருக்குத் தெளிவான தமிழ் காத்திருக்க வேண்டும் என்பதுதான். தெரிந்தவர் மாற்றிக்கொள்வார், தெரியாதவர் தம் கண்ணைத்தான் குறை சொல்லிக் கொள்வார்.

"அறிவியல் மாணவிக்கு ஆங்கிலம் போதாதா?" இக்கேள்வியே என்னை எழுதத் தூண்டியது.

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அம்மா கொழுந்து பறிக்கிறார். பாட்டி, 1964-ஆம் ஆண்டு சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்தவர்களில் ஒருவர். வீட்டுக்கு வருகிற எழுத்தெல்லாம் என் கண் வழியாகத்தான் வீட்டுக்குள் நுழைகிறது. எங்கள் வரிசையில் நாலைந்து வீடுகளுக்கும் நானே வாசிப்பவள், நானே எழுதுபவள். இவர்களுக்காக நான் வாசிப்பது ஆங்கிலம் அல்ல, தமிழ்.

எங்கள் பக்கத்தில் ஒரு மூதாட்டிக்காக உதவித்தொகை விண்ணப்பம் ஒன்று ஓரிடத்தில் தட்டச்சானது. அவர் பெயரில் மூன்று சுழி வர வேண்டிய இடத்தில் இரண்டு சுழி விழுந்துவிட்டது. தட்டியவரும் திரையைப் பார்த்தார், உடன் சென்ற பேரனும் பார்த்தான். அந்தத் திரையில் இரண்டும் ஒரே கறுப்புத் திட்டு. அட்டையில் உள்ள பெயரும் விண்ணப்பத்தில் உள்ள பெயரும் வேறு என்று தாள் திரும்பி வந்தது. மறுபடி ஒரு நாள் கூலியை விட்டு, மறுபடி பேருந்து ஏறி, மறுபடி வரிசையில் நின்றார்கள். ஒரு சுழியின் விலை ஒரு நாள் கூலி! கற்றவர்க்கு இது சிறு பிழை. எழுத்தறியாதவர்க்கு, தம் பெயர் தவறாக இருப்பதுகூடத் தெரியாத கொடுமை.

கூர்மையான திரையாலேயே எல்லாப் பிழையும் தீர்ந்துவிடும் என்று நான் வாதாடவில்லை. கவனம் வேண்டும், பயிற்சி வேண்டும், மறுமுறை சரிபார்க்கும் பழக்கம் வேண்டும். ஆனால் சரிபார்ப்பவர் பார்ப்பதற்கு எழுத்து அங்கே இருக்க வேண்டுமல்லவா?

நாம் செய்ய வேண்டியவை

குறை சொல்வது எளிது. செய்வது அரிது என்பார்கள். இந்தப் பணியில் செய்வதும் எளிதே. ஆகவே சில யோசனைகளை இம்மலரின் வாயிலாகப் பணிவோடு முன்வைக்கிறேன்.

ஒன்று, கல்லூரியில் லினக்ஸ் உள்ள கணிப்பொறிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரே எழுத்துருக் கோப்பைத் தயாரிப்போம். கணிப்பொறித் துறையின் வழிகாட்டலில் மாணவர்களே இதைச் செய்ய முடியும். ஒரு பிற்பகல் போதும்.

இரண்டு, தமிழ்த் துறையும் அறிவியல் துறைகளும் இதில் கைகோக்க வேண்டும். எந்த எழுத்துகள் எவற்றோடு மயங்கும் என்பதைத் தமிழாசிரியர்கள் பட்டியலிட்டுத் தரட்டும். அதை வைத்துச் சோதனை வாசகங்களை உருவாக்குவோம். என்னுடையதைவிட நல்ல வாசகம் கட்டாயம் கிடைக்கும்.

மூன்று, நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் மரம் நடுகிறோம், சாலை செப்பனிடுகிறோம். அத்தோடு, முகாம் நடக்கும் ஊரிலுள்ள மாணவர்களின் பழைய மடிக்கணினிகளையும் ஒரு நாள் சீர்செய்து கொடுப்போம்.

நான்கு, எழுத்துருவில் பிழை கண்டால் அதை உருவாக்குகிறவர்களுக்கு எழுதுவோம். கட்டற்ற மென்பொருளில் குறை சொல்லும் உரிமையும் திருத்தித் தரும் உரிமையும் எவருக்கும் உண்டு. 1991-இல் லினக்சைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அப்போது ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவர், வயது இருபத்தொன்று. நம் வகுப்பில் உள்ளவர்களுக்கும் ஏறக்குறைய அதே வயதுதான்!

நண்பர்களே, எங்கள் குந்தாவின் மலைகளில் ஓடும் தண்ணீர் கனடா நாட்டின் உதவியோடு கட்டிய மின் நிலையங்களில் மின்சாரமாகித் தமிழகமெங்கும் போகிறது. அந்த மின்சாரத்தில்தான் எத்தனையோ திரைகள் ஒளிர்கின்றன. ஒளி கொடுப்பதோடு நம் கடமை முடியவில்லை. அந்த ஒளியில் எழுத்தும் தெரிய வேண்டும். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்து பயனில்லை. ஓலைக்கும் ஈயத்துக்கும் தமிழைப் பொருத்தி வைத்தார்கள் நம் முன்னோர். திரைக்குப் பொருத்துவது நம் தலைமுறையின் பங்கு. அது ஆயிரம் கோடித் திட்டமன்று. முப்பது வரிக் கோப்பு. அதை எழுதுவோம். சுழி எண்ணிப் படிக்கத் தெரிந்தவர்கள் நாம். எண்ணுவதற்குச் சுழி தெரியட்டும், புள்ளி தெரியட்டும்!